சூடு எங்கே போகிறது

சர்வர் பெட்டியின் பின்பக்கமிருந்து வந்த காற்று குளிர்ந்திருந்தது.

அவள் கையை உதறிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். சர்வர் ரூமுக்குள் நுழைந்ததும் நேரே பின்பக்கம் போய், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, காற்று வெளியேறும் வலைத்தகட்டில் புறங்கையை வைப்பது அவளுடைய பதினான்கு வருடப் பழக்கம். எந்த விசிறி நொண்டுகிறது, எந்தப் பெட்டி சக்திக்கு மீறி உழைக்கிறது என்பதைத் திரை கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்தப் புறங்கை கண்டுபிடித்துவிடும். உழைக்கிற எதுவும் சூடாகும், அது மனுஷனானாலும் சரி மெஷினானாலும் சரி என்பதுதான் இந்தத் தொழிலில் அவள் கற்ற முதல் விஷயம். இந்தப் புதுப் பெட்டியோ பார்சல் கம்பெனியின் பதினொரு கிளைக் கணக்குகள் அத்தனையையும் ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டு, உள்ளே போன காற்றைவிடக் குளிர்ந்த காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஏசியை நிறுத்திப் பார்த்தாள். காற்று இன்னும் குளிர்ந்தது.

ஜன்னல் இல்லாத அறை அது. பகலும் இரவும் அங்கே ஒன்றுதான். முன்பு ஆறு பெட்டிகள் இருந்த காலத்தில் உள்ளே பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. விசிறிகள் போடும் கூச்சலும், சூடேறிய தூசியின் வாசனையும், பின்பக்கம் நின்றால் முழங்கால் வரைக்கும் அடிக்கும் அனலுமாக அறையே உயிரோடு இருக்கும். மூன்று வாரத்துக்கு முன் அந்த ஆறையும் கழற்றிவிட்டு இந்த ஒற்றைப் பெட்டியை வைத்தார்கள். இப்போது அங்கே இருந்தது வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போன்ற ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். கூடவே ஒரு வாசனை. வேர்த்த சட்டை, பழைய ரெக்சின், நாள் முழுக்கத் திறக்காத எதனுள்ளோ அடைந்து கிடந்த காற்று. எங்கேயோ பழகிய வாசனை, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பெட்டியைப் பொருத்த வந்த ஆள் நன்றாகத்தான் விளக்கினான். "பழைய பிராசஸரெல்லாம் தலைதெறிக்க ஓடும் மேடம். ஓடிப் போய் மெமரி வாசல்ல நின்னுடும். அங்கேர்ந்து தகவல் வர்ற வரைக்கும் சும்மா நிக்கும், ஆனா கரண்ட்ட மட்டும் குடிச்சுக்கிட்டே இருக்கும். இது அப்படி இல்ல. இதுக்குள்ள நூத்தி இருபத்தெட்டு த்ரெட். நூல்னு வெச்சுக்குங்க, ஒவ்வொரு நூல்லயும் ஒரு வேலை. ஒரு நூல் காத்திருந்தா அந்த இடத்துல இன்னொரு நூல் ஓடும். காத்திருக்கற நேரத்த இது வீணாவே விடாது."

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கரண்ட் செலவு பாதியாகும் என்றான் அந்த ஆள். முதல் வாரமே மூன்றில் ஒன்றானது. இரண்டாம் வாரம் இரண்டு கிளைகள் புதிதாகச் சேர்ந்தன, மீட்டர் அதற்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு அவள் நோட்டில் குறித்துக்கொண்ட எண், உள்ளே சுற்றும் விசிறிகளுக்கே போதாத மின்சாரம். அவள் பேனாவை மூடாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நடக்கிறது. அதற்கான தெம்பு எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போலத்தான் நடப்பாள். லிஃப்ட் வருவதற்குள் நாலு மாடி ஏறிவிடுவாள். தண்ணீர் கொதிப்பதற்குள் இரண்டு மெயில் எழுதி, ஒருவரோடு சண்டையும் போட்டுவிடுவாள். அவளுக்கு வாய்த்த கணவனோ காத்திருப்பதற்கே பிறந்த மனிதன். மேனேஜரின் கார் டிரைவர். ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஓட்டுவான், ஏழு மணி நேரம் கட்டடத்தின் கீழே பார்க்கிங்கில் காத்திருப்பான். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் சரி சொல்வதற்கே மூன்று வருடம் முகம் சுளிக்காமல் காத்திருந்தவன்.

அந்த ஏழு மணி நேரம் வெறும் நேரம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். சாயந்திரம் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது அவன் சொல்லும் கதைகள் அத்தனையும் அந்தப் பார்க்கிங்கில் பிறந்தவை. கதவு நசுங்கிய வெள்ளைக் கார் பக்கத்து நீளக் கறுப்புக் காரோடு நாலு மாதமாகப் பேசுவதில்லை. ஒன்பதாம் நம்பர் தூணில் ஊறிய ஈரம் மாதத்துக்கு ஒரு ஊரின் வரைபடமாக மாறும், அந்த ஊரில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவள் பின்னால் உட்கார்ந்து, அடுத்தது என்ன, சீக்கிரம் சொல்லுங்க என்று அவன் முதுகில் குத்துவாள். ஒரு நாளில் அவள் பொறுமையாகக் கேட்பது அது ஒன்றைத்தான்.

மூன்று வாரமாக அவனிடம் கதை இல்லை. "ஒண்ணும் தோணல, எக்ஸ்பிரஸ்" என்கிறான். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நிற்கிறது. உடம்பு எப்போதும் கதகதவென்று இருக்கிறது. மாத்திரை கொடுத்தாள், கேட்கவில்லை. தூக்கத்தில் ஏதோ எண்களை முனகுகிறான். டாக்டரிடம் போகலாம் என்றால், சனிக்கிழமை வரைக்கும் இருந்து பார்ப்போம் என்கிறான். அவனுக்கு எதற்கும் அவசரம் கிடையாது.

குளிர்ந்த காற்றைப் பற்றிக் கேட்க அவள் பெட்டிக்காரர்களுக்கு போன் செய்தபோது மணி இரண்டே கால். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும் என்றது ஒரு பெண் குரல். பிறகு ஒரு பாட்டு. அவள் வழக்கம்போல் வைத்துவிடத்தான் போனாள். காற்று விஷயம் மண்டையைக் குடைந்ததால், சரி, ஒரு நிமிஷம் என்று காதில் போனை வைத்தபடி நின்றாள்.

பாட்டு நின்றது. "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது ஒரு ஆண் குரல்.

மணி இரண்டு நாற்பது.

இருபத்தைந்து நிமிடம். அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. உதடுகள் நிறையப் பேசினவை போல வலித்தன. போனைப் பிடித்திருந்த கை, அடுப்பில் காட்டி எடுத்தது போலச் சுட்டது. நடுவில் என்ன நினைத்தாள் என்று யோசித்தாள். ஒன்றுமே இல்லை. தூங்கி எழுந்தால்கூடத் தூங்கினோம் என்ற நினைப்பு இருக்கும். இங்கே அதுவும் இல்லை. அவளுடைய வாழ்க்கையிலிருந்து இருபத்தைந்து நிமிடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டிருந்தார்கள்.

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டுத் திரையைத் திறந்தாள். ஓடும் வேலைகளின் பட்டியல். பெட்டிக்குள் இருப்பது நூற்று இருபத்தெட்டு நூல். பட்டியலில் ஓடிக்கொண்டிருந்தவை நூற்று நாற்பத்தொன்று.

அவள் எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். நூற்று இருபத்தெட்டுக்குக் கீழே இருந்த வரிகளுக்குப் பெயர் இல்லை, ஆரம்பித்த நேரம் மட்டும் இருந்தது. அவற்றுக்கும் கீழே, ஓடி முடிந்தவற்றில் ஒன்று இரண்டே காலுக்கு ஆரம்பித்து இரண்டு நாற்பதுக்கு முடிந்திருந்தது.

பயந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும், அது அவள் சுபாவம். யாரைக் கேட்டு என்னை எடுத்தாய் என்று அந்தப் பெட்டியைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள். அது முனகிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தாள். டீ போடும் பேன்ட்ரியில், தண்ணீர் கொதிக்கும் கெட்டில் முன்னால் டைப்பிஸ்ட் அக்கா நின்றிருந்தார். கண்கள் திறந்திருந்தன. உதடுகள் அசைந்தன, வெகு வேகமாக, சத்தமே இல்லாமல். எக்ஸ்பிரஸ் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். எண்கள். பன்னிரண்டு இலக்க எண்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சொல். வந்தது. கிளம்பியது. வந்தது. பார்சல்கள்.

கெட்டில் டக்கென்று அணைந்தது. டைப்பிஸ்ட் அக்கா கண் சிமிட்டினார். "என்னடி, மூஞ்சிக்கிட்ட வந்து நிக்கற" என்றார். அவர் மூச்சு சூடாக அடித்தது. "இப்பல்லாம் தண்ணி டக்குனு கொதிச்சிருது பாரு."

லிஃப்ட் வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேர் உதடும் அசைந்தது. ஒரே சீராக. பிரின்டர் முன்னால் ஒருவர். வரவேற்பறை சோபாவில் யாரையோ பார்க்க வந்த வெளியாள் ஒருவர், மடியில் பை, வாயில் எண்கள். யாரெல்லாம் காத்திருந்தார்களோ அவர்கள் எல்லாரும். காத்திருக்காதவர்கள் நன்றாக இருந்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஓடி வந்து பட்டியலைப் பின்னோக்கி உருட்டினாள். பெயரில்லாத வரிகள் இரண்டு நிமிடம், நாலு நிமிடம் என்று வந்து வந்து போயின. ஒன்றே ஒன்று மட்டும் மூன்று வாரமாக, தினமும் ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஆறு மணி வரைக்கும் நின்றது. நூற்று இருபத்தொன்பதாவது வரி. இன்றைக்கு நடுவில் ஒரே ஒரு இடைவெளி. பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டு ஐந்து வரை.

பதினொன்றே காலுக்குத்தான் மேனேஜர் வெளியே கிளம்பினார். காரில்.

அந்த வாசனை எதனுடையது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அடைந்த காற்று.

போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். மணி அடிக்க அடிக்க அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது மணியில் "சொல்லு எக்ஸ்பிரஸ்" என்றான். வரி அணைந்தது.

"ஏங்க, வண்டிய விட்டு இறங்குங்க."

"ஏன், என்னாச்சு?"

"இறங்கி நடங்க. பாட்டுப் பாடுங்க. வண்டியத் தொடைங்க. எதையாவது பண்ணுங்க, சும்மா மட்டும் இருக்காதீங்க."

அவன் சிரித்தான். சிரிப்பதற்கே தெம்பில்லாத சிரிப்பு. "சும்மா இருக்கறதுதானே என் உத்தியோகம். சார் அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னாரு, வண்டிலயே ரெடியா இருக்கச் சொன்னாரு. ஆறு மணிக்கு வழக்கம்போல போலாம். சரியா?"

வைத்துவிட்டான். அவள் போனைப் பைக்குள் போடுவதற்குள் நூற்று இருபத்தொன்பது மறுபடியும் எரிந்தது.

மேனேஜரின் அறை வாசலில், உள்ளே ஆள் இருக்கிறார்கள், உட்காருங்கள் என்றார்கள். அவள் உட்காரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே அவர் தனியாகத்தான் இருந்தார், மீட்டர் எண்களைப் பார்த்துக்கொண்டு.

அவள் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பைத்தியம் என்று சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?" என்றார்.

"அவங்களுக்கே தெரியல சார்."

"வேலைல ஏதாவது தப்பு?"

"இல்ல."

"அப்ப விடுங்க எக்ஸ்பிரஸ். வெயிட் பண்ற நேரம்தானே. அது யாருக்கு வேணும்?"

"என் வீட்டுக்காரருக்கு வேணும்" என்றாள். "அந்த நேரத்துக்குள்ளதான் சார் அவரு இருந்தாரு. உங்களுக்கு வண்டி ஓட்டுறதுக்குத்தான் அவரை வெச்சீங்க. மிச்ச ஏழு மணி நேரம் அவரு தலைக்குள்ள இருக்கறது அவருக்குச் சொந்தம். அதை எடுக்க உங்களுக்கும் உரிமை இல்ல, அந்தப் பெட்டிக்கும் இல்ல. நான் அதை நிறுத்தப் போறேன்."

"ஆபீஸ் நேரத்துல சர்வரை நிறுத்தினா நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

"நாளைக்கு யாரு வர்றா?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். லிஃப்ட் வாசலில் இப்போது ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

சர்வர் ரூமை உள்ளே தாழிட்டாள். ஒரு கை பார்த்துவிடுவது என்ற வேகத்தில் பயம் எங்கோ ஓரமாகப் போயிருந்தது. மூச்சு புகையாகத் தெரிகிற அளவுக்குக் குளிர். முனகல் கொஞ்சம் உரத்திருந்தது போலிருந்தது. அவள் கீபோர்டை இழுத்து நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தாள். திரை கேட்டது, எப்போதும் கேட்பதைத்தான். முடியாத வேலைகள் நூற்று நாற்பத்தாறு. அப்படியே அறுத்துவிடவா? காலியான இடத்துக்கு மாற்றிவிட்டு நிற்கவா?

ஓடும் வேலையைப் பாதியில் அறுக்காதே. பதினான்கு வருடப் பாடம் அது. ஆறு பெட்டி இருந்த காலத்தில் ஒன்றை நிறுத்தும் முன் அதன் வேலையைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றிவிடுவாள். ஆயிரம் தடவை செய்திருப்பாள். அதற்கு மூளை தேவைப்படாது, விரலே போதும்.

விரல் இரண்டாவதைத் தட்டியது.

நூற்று நாற்பத்தைந்து. நூற்று முப்பது. தொண்ணூறு. வேலைகள் மளமளவென்று இறங்கின. நாற்பது. பன்னிரண்டு. ஒன்று. முனகல் நின்றது. விசிறிகள் தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தன. பச்சை விளக்கு அணைந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் மின்சார ஒயரையும் பிடுங்கி எறிந்தாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் முழு அமைதி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நின்று நன்றாகவே சிரித்தாள்.

தாழைத் திறந்தாள். லிஃப்ட் வாசலில் ஆறு பேரும் கண் சிமிட்டிக்கொண்டு, என்ன லிஃப்ட் இது என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். யார் உதடும் சும்மா அசையவில்லை. விடுபட்டுவிட்டார்கள். அவள் நெஞ்சு நிறைந்தது.

அப்புறம் ஸ்கேனர் சத்தம் கேட்டது.

பீப். பார்சல் இறக்கும் இடத்திலிருந்து. பீப். பீப். சர்வர் இல்லாமல் ஸ்கேனர் வேலை செய்யாது. ஹாலின் பெரிய திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வந்தது. கிளம்பியது. எப்போதையும்விட வேகமாக.

"இன்னிக்கு சிஸ்டம் பறக்குதுப்பா" என்றார் யாரோ.

காலியான இடத்துக்கு மாற்றிவிட்டு நிற்கவா?

இங்கே இரண்டாவது பெட்டி கிடையாது. இடம் இல்லை என்று அது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எடுத்துக்கொண்டது. நூற்று நாற்பத்தாறையும்.

இந்தக் கட்டடத்தில் எது காலியான இடம்? யார் அதிகம் காத்திருப்பவர்?

படிகள். மூன்று மூன்றாகத் தாவினாள். கைப்பிடி உள்ளங்கையைக் கிழித்தது. கீழே. இன்னும் கீழே. பார்க்கிங் கதவு.

மஞ்சள் விளக்கு. தூண்கள். ஏழு, எட்டு, ஒன்பது. வெள்ளைக் கார். கறுப்புக் கார். அதற்கு அடுத்தது மேனேஜர் கார்.

கண்ணாடி முழுக்க ஆவி. உள்பக்கமிருந்து. தண்ணீர் கோடு கோடாக வழிந்தது.

கதவைத் திறந்தாள். அனல் அடித்தது. ஆறு பெட்டிகளின் பின்னால் நின்றால் அடிக்குமே, அதே அனல். மூன்று வாரமாக அவள் புறங்கை தேடியது.

அவன் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்து, ஆவி எழும்பியது. உதடுகளின் அசைவு கண்ணுக்குப் பிடிபடவில்லை, வாய் இருந்த இடத்தில் ஒரு நடுக்கம் மட்டுமே தெரிந்தது. பத்து விரல்களும் பத்துப் பேருடையவை போலத் தனித்தனியாகத் துடித்தன. ஒரு தொண்டையிலிருந்து நூற்று நாற்பத்தாறு குரல், ஒன்றின் மேல் ஒன்றாக. வந்தது. கிளம்பியது. வந்தது. கிளம்பியது.

"ஏங்க."

கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. அவன் கண்கள்தான். நடுக்கம் ஒரு நொடி நின்றது.

"கொஞ்சம் இரு, எக்ஸ்பிரஸ்" என்றான், மூன்று வருடம் காத்திருந்த அதே அன்பான குரலில். "இந்தா முடிஞ்சிரும். ஓரமா நின்னு காத்திரு."

மறுபடியும் எண்கள்.

"மாட்டேன்" என்றாள். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கை சுடச் சுட அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "காத்திருக்க மாட்டேன். உங்களையும் விட மாட்டேன். என்னைப் பாருங்க. கேளுங்க. வெள்ளைக் கார் இருக்கே, கதவு நசுங்கினது, அது நாலு மாசமா கறுப்புக் காரோட பேசல. ஏன்னு நீங்கதான் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? மழை பேஞ்ச அன்னிக்கு..."

அவள் சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். தூணில் இருக்கும் ஊரைச் சொன்னாள், அதன் தெருக்களைச் சொன்னாள், அதில் குடியிருப்பவர்களின் சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறந்த இடத்தில் புதிதாகக் கட்டிச் சொன்னாள். துடித்த அவன் விரல்களில் ஒன்று நின்றது. சுண்டுவிரல். அதைப் பார்த்ததும் அவள் குரல் உயர்ந்தது. இன்னும் ஒன்பதுதான். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துவிடுவாள். தொண்டை கட்டியது. எச்சில் விழுங்கக்கூட நேரம் விடவில்லை. ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் காரின் கண்ணாடியிலும் ஆவி படியத் தொடங்கியிருந்தது. அதற்கு அடுத்ததிலும்.

"அப்புறம் அந்தக் கறுப்புக் கார் என்ன பண்ணுச்சுன்னா" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க ஒரே ஒரு நொடி நிறுத்தினாள்.

அந்த நொடியில் அவள் வாயிலிருந்து ஒரு பன்னிரண்டு இலக்க எண் வந்தது.

அவள் நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. அவன் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.